கணினி நினைவகத்தின் வேகமும் அதனை அமைக்கும் முறையும்

கருவி ஒவ்வொன்றுக்கும் இருவகை ஆற்றல் உண்டு. செய்தோர் அதன்மேற் பொறித்த ஆற்றல் ஒன்று; தன்னோடு இயையும் பிற உறுப்புக்களின் துணையால் அது உண்மையில் வெளிப்படுத்தும் ஆற்றல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றேயெனக் கொள்வது பொது வழக்கு. இவற்றின் வேற்றுமையறிந்து பொருத்துவது தொழிலறிந்தோர் வழக்கு. குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகொன்றில் இத்தனை பேர் ஏறலாம் என்று ஓர் எண் வரையறுக்கப்பட்டிருப்பினும், சோளகக் காற்று மிகுந்து வீசும் நாளிற் கடலின் நிலை நோக்கியே படகோட்டி ஆட்களை ஏற்றுவார். வரையறுத்த எண் பொய்யன்று. ஆயினும் அது நிபந்தனையோடு கூடிய எண். மேசைக் கணினியின் நினைவகத்துக்குரிய வேக எண்ணும் அத்தகையதே.

உறுப்புக்களைத் தனித்தனியே வாங்கிப் பொருத்திப் புதிய மேசைக் கணினி ஒன்றை ஆக்குவோர், பெட்டியில் 3200 எனப் பொறிக்கப்பட்ட ராம் அட்டை 2133, 2400, 2666 ஆகிய எண்களுள் ஒன்றையே காட்டி இயங்குதல் கண்டு திகைப்பதுண்டு. கடைக்காரர் ஏமாற்றினாரோ, அட்டை பழுதுற்றதோ என்னும் ஐயங்கள் எழும். பெரும்பாலும் இரண்டும் நிகழ்ந்திரா. பொறிக்கப்பட்ட வேகம் தானாக வருவதன்று; அமைத்துப் பெறவேண்டியது. அமைக்காது விடுவோர் கொடுத்த பணத்துக்குரிய பயனை இழப்பர். ஆராயாது அமைப்போர் அதனினும் பெரிதாகிய ஒன்றை, அதாவது கணினியில் இட்ட செய்தி இட்டவாறே இருக்கும் என்னும் உறுதியை, இழக்க நேரும். இவ்விரு இழப்புக்களையும் விலக்கும் நெறியை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கை ரூபாயின் பெறுமதி 2022 ஆம் ஆண்டில் வீழ்ந்தபோது, அவ்வாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்தது. இறக்குமதிப் பொருளாகிய கணினி உறுப்புக்களின் விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. 2025 இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் மீண்டும் கடுமையாக ஏறிற்று. ஆகவே இது பொழுதுபோக்காளரின் ஆராய்ச்சியாக மட்டும் நில்லாது, வீட்டுச் செலவோடு தொடர்புடைய பொருளும் ஆயிற்று.

நினைவகத்தின் இயல்பு

கணினி இயங்கும்போது செயலிக்கு உடனடியாக வேண்டிய தரவுகளைத் தாங்கி நிற்பது தற்காலிக நினைவகமாகும். வழக்கில் இதனை ராம் என்பர். இன்று பரவியுள்ள வகைக்கு அடிப்படையான அமைப்புக்கு, அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர் றொபேட் டெனாட் என்பார் 1968 இற் காப்புரிமை பெற்றார். ஒரு திரான்சிற்றரும் ஒரு கொள்ளளவியும் சேர்ந்து ஒரு பிற்றைத் தாங்குவதே அவ்வமைப்பு. கொள்ளளவியில் மின்னேற்றம் இருப்பின் ஒன்று எனவும், இல்லாவிடிற் பூச்சியம் எனவும் கொள்ளப்படும். இன்ரெல் நிறுவனம் 1970 இல் விற்பனைக்கு விட்ட 1103 என்னும் நினைவகச் சில்லு 1024 பிற்றுக்களைத் தாங்கிற்று. இன்றைய 16 கிகாபைற்று ராம் அட்டை தாங்குவனவோ 13,700 கோடிக்கு மேற்பட்ட பிற்றுக்கள்.

இக்கொள்ளளவிகள் மிகச் சிறியன. அவற்றில் நிறைந்த மின்னேற்றம் பொட்டுக்குடத்து நீர்போல் இடையறாது கசிந்துகொண்டே இருக்கும். ஆதலின் வழக்கமான வெப்பநிலையில் 64 மில்லிவிநாடிக்கு ஒரு முறையேனும் ஒவ்வொரு வரிசையையும் படித்து மீண்டும் நிரப்புதல் வேண்டும். சில்லின் வெப்பநிலை 85 பாகை செல்சியசைக் கடந்தாற் கசிவு மிகும். அப்பொழுது அக்காலம் பாதியாகக் குறைக்கப்படும். இச்செய்தி பின்னர்ச் சோதனை பற்றிக் கூறுமிடத்துப் பயன்படும். நினைவகம் கல்லிற் பொறித்த எழுத்தன்று. ஓயாது புதுக்கப்பட்டுக்கொண்டேயிருக்கும் ஓர் எழுத்து. அதனைப் படிப்பதும் எழுதுவதும் நிரப்புவதும் குறித்த கால அளவுக்குள் நிகழ்தல் வேண்டும். வேகத்தைக் கூட்டுதல் என்பது அக்கால அளவைச் சுருக்குதலே. அளவுக்கு மேற் சுருக்கினால் நிறையாத மின்னேற்றம் நிறைந்ததாகவும், நிறைந்தது நிறையாததாகவும் படிக்கப்படும். வழு பிறக்கும் இடம் இதுவேயாகும்.

எண்கள் உணர்த்தும் பொருள்

ராம் அட்டையின் மேல் இருவகை எண்கள் காணப்படும். 3200, 3600, 6000 என்றாற்போல்வன ஒருவகை, சி.எல். 16, சி.எல். 30 என்றாற்போல்வன மற்றொரு வகை.

முதல்வகை எண், ஒரு விநாடியில் ஒரு கம்பிவழியே எத்தனை முறை தரவு பரிமாறப்படும் என்பதைப் பத்து இலட்சங்களில் உணர்த்துவது. 3200 எனின் விநாடிக்கு 320 கோடி பரிமாற்றம். ஆயின் நினைவகத்தை நடத்தும் கடிகாரத் துடிப்பின் மீடிறன் இதிற் பாதியே, அதாவது 1600 மெகாஹேர்ட்ஸ். ஒவ்வொரு துடிப்பும் எழும்பொழுது ஒரு முறையும் விழும்பொழுது ஒரு முறையும் தரவு செல்லுதலாற் பரிமாற்றம் இரட்டிக்கின்றது. டி.டி.ஆர். என்னும் பெயர் இவ்விரட்டிப்பைக் குறித்தே எழுந்தது. சில மென்பொருள்கள் மீடிறனை மட்டும் காட்டுவன. அவற்றில் 1600 என்று காண்போர் பாதி வேகமே கிடைத்தது என மயங்கற்க. இரண்டாற் பெருக்கிக் காண்க.

பரிமாற்றம் ஒவ்வொன்றிலும் 64 பிற்றுக்கள், அதாவது 8 பைற்றுக்கள் செல்லும். எனவே 3200 வேகமுடைய ஓர் அட்டை விநாடிக்கு உயர்ந்த அளவாக 25.6 கிகாபைற்றுக்களைக் கொண்டுசெல்லும். 2400 இல் இயங்கின் 19.2 கிகாபைற்றுக்களே. இரண்டு அட்டைகளை இரு வாய்க்கால்களிற் பொருத்தினால் இவ்வளவு இரட்டிக்கும்.

இரண்டாம்வகை எண், செயலி ஒரு தரவை வேண்டிய பின் அது வரத்தொடங்கும்வரை கழியும் துடிப்புக்களின் தொகையை உணர்த்துவது. ஈண்டு ஒரு மயக்கம் நிகழ்வதுண்டு. 16 சிறிய எண், 30 பெரிய எண், ஆகவே சி.எல். 30 மந்தமானது என்று பலர் எண்ணுவர். துடுப்பு வலித்துத் தோணி செலுத்தும் இருவரை நினைக்குமிடத்து இம்மயக்கம் நீங்கும். ஒருவர் பதினாறு வலிப்பிற் கரை சேர்கின்றார். மற்றவர் முப்பது வலிப்பிற் சேர்கின்றார். பின்னவர் விரைந்து வலிப்பவராயின் இருவரும் ஒரே நேரத்திற் கரை சேர்தல் கூடும். எண்ணவேண்டியது வலிப்பின் தொகையன்று, கழிந்த நேரமே. 3200 வேகத்திற் சி.எல். 16 எனின் காத்திருப்பு 10 நனோவிநாடி; நனோவிநாடியாவது ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. 6000 வேகத்திற் சி.எல். 30 எனினும் அதே 10 நனோவிநாடியே. 2400 வேகத்திற் சி.எல். 17 எனினோ ஏறத்தாழ 14.2 நனோவிநாடியாகும். சி.எல். எண்ணை இரண்டாயிரத்தாற் பெருக்கி வேக எண்ணாற் பிரித்தால் காத்திருப்பு நனோவிநாடியிற் கிடைக்கும்.

குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையே படகுகளின் தொகையைக் கூட்டினால் ஒரு நாளிற் கடக்கும் மக்களின் தொகை கூடும். ஏறத்தாழ ஒரு மணி நேரமாகிய கடற்பயணம் அதனாற் குறையாது. நினைவகத்திலும் கொண்டுசெல்லும் அளவு வேறு, காத்திருக்கும் நேரம் வேறு. பெருந்தொகையான தரவு ஒழுங்காகச் செல்லும் வேலைக்கு முன்னது துணை. இங்குமங்குமாகச் சிறுசிறு தரவுகளை நாடும் வேலைக்குப் பின்னது துணை. இரண்டையும் சேர நோக்கியே அட்டையைத் தேர்தல் வேண்டும்.

மெதுவாகத் தொடங்குவதன் காரணம்

நினைவகத்துக்குரிய பொது நியமங்களை வகுப்பது ஜெடெக் என்னும் அமைப்பு. டி.டி.ஆர். 4 நியமம் 2012 இலும் டி.டி.ஆர். 5 நியமம் 2020 இலும் வெளியாயின. அவற்றின் இயல்பான மின்னழுத்தம் முறையே 1.2 வோல்ற்று, 1.1 வோல்ற்று ஆகும். இந்நியமங்களுக்கு அமைந்த ராம் அட்டை, எந்த நிறுவனத்தின் தாய்ப்பலகையிற் பொருத்தினும் இயங்கும் என்பது அவற்றின் பயன்.

ஒவ்வோர் அட்டையிலும் எஸ்.பி.டி. எனப்படும் ஒரு சிறு சில்லு உண்டு. அது அவ்வட்டையின் சாதகக் குறிப்பு எனலாம். எவ்வேகத்தில், எத்தனை துடிப்புக் காத்திருப்பில், எம்மின்னழுத்தத்தில் இயங்கவல்லது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். கணினிக்கு மின் வந்தவுடன் தாய்ப்பலகையிலுள்ள பயோஸ் அக்குறிப்பைப் படித்துப் பொது நியமத்துக்கு உட்பட்ட வேகத்தையே தெரிந்துகொள்ளும். அறிமுகமில்லாதாரிடத்து முதலிற் சிறு பொறுப்பையே ஒப்படைக்கும் நடைமுறை போன்றது இது. தொடங்காத கணினியினும் மெதுவாகத் தொடங்கும் கணினி மேல் என்பதே இதன் கருத்து.

நியமத்தைக் கடந்த வேகங்களையும் அக்குறிப்பில் எழுதிவைக்கும் முறையை இன்ரெல் நிறுவனம் 2007 இல், டி.டி.ஆர். 3 நினைவகம் வந்த காலத்தில் அறிமுகஞ் செய்தது. அது எக்ஸ்.எம்.பி. எனப்படும். ஏ.எம்.டி. நிறுவனம் டி.டி.ஆர். 5 நினைவகத்துக்கென 2022 இல் எக்ஸ்போ என்னும் முறையை வெளியிட்டது. ஏ.எம்.டி. செயலிக்குரிய பழைய அசூஸ் தாய்ப்பலகைகளில் எக்ஸ்.எம்.பி. குறிப்பைப் பயன்படுத்தும் அமைவு டி.ஓ.சி.பி. என்னும் பெயரிற் காணப்படும். பெயர் வேறாயினும் செயல் ஒன்றே: அட்டையைச் செய்தோர் சோதித்து எழுதிய வேகம், காத்திருப்பு, மின்னழுத்தம் ஆகியவற்றை ஒருங்கே எடுத்தாளுதல். 3200 என விற்கப்படும் டி.டி.ஆர். 4 அட்டைகள் பல இம்முறையில் 1.35 வோல்ற்றில் இயங்குவன. 3200 என்னும் வேகம் ஜெடெக் நியமத்துக்கு உட்பட்டதேயாதலால், சி.எல். 22 எனக் குறித்த சில அட்டைகள் எவ்வமைவுமின்றித் தாமே அவ்வேகத்தில் இயங்குதலும் உண்டு.

மூன்று உறுப்புக்களின் உடன்பாடு

பொறிக்கப்பட்ட வேகம் கைகூடுவதற்கு ராம் அட்டை, செயலிக்குள் அமைந்த நினைவகக் கட்டுப்படுத்தி, தாய்ப்பலகை ஆகிய மூன்றும் உடன்படுதல் வேண்டும். ஒன்று மறுப்பினும் மற்றிரண்டின் ஆற்றல் பயனின்றிப் போம். வாங்குவதற்கு முன்னரே இதனை ஆராய்தல் அறிவுடைமை.

இன்ரெல் செயலிகளுக்குரிய எச்510, எச்610 என்னும் மலிவான தாய்ப்பலகைகள் நினைவகத்தைச் செயலியின் எல்லைக்கு மேற் செலுத்த இடந்தருவன அல்ல. பி560 முதலாக வந்த பி வரிசைப் பலகைகள் இடந்தருவன. எச்610 பலகைக்கு 3600 வேக அட்டையை மிகுவிலை கொடுத்து வாங்குதல், ஒழுங்கையில் ஓட்டுதற்குப் பந்தயக் கார் வாங்குதல் போலாகும்.

ஏ.எம்.டி.யின் றைசன் செயலிகளில், செயலியின் உட்பகுதிகளை இணைக்கும் வலைப்பின்னலும் நினைவகமும் தம்முள் இயைந்த விகிதத்தில் துடிக்கும்பொழுதே பயன் மிகும். டி.டி.ஆர். 4 காலத்து றைசன் 5000 வரிசைக்கு 3600 சிறந்த அளவாகக் கொள்ளப்பட்டது. 2022 இல் வந்த றைசன் 7000 வரிசைக்கு 6000 சிறந்தது என ஏ.எம்.டி. நிறுவனமே கூறிற்று. அதற்கு மேற் செல்லுமிடத்துக் கட்டுப்படுத்தி பாதித் துடிப்புக்கு இறங்கக்கூடுமாதலால் எண் உயர்ந்தும் பயன் தாழும். மிக உயர்ந்த எண்ணே மிகச் சிறந்த எண் என்று கொள்ளுதல் தவறு என்பதற்கு இதுவே சான்று.

அட்டைகளின் தொகையும் கருதற்பாலது. அதே றைசன் 7000 வரிசையில் இரண்டு அட்டைகளுக்கு 5200 வரையும், நான்கு அட்டைகளுக்கு 3600 வரையுமே நிறுவனம் உறுதியளிக்கின்றது. ஒரே கம்பிவழியில் அட்டைகள் மிகுதோறும் மின்குறிகளின் தெளிவு குறைதலே காரணம். ஆகவே நான்கு சிறிய அட்டைகளினும் இரண்டு பெரிய அட்டைகள் மேலானவை. அவ்விரண்டும் ஒரே பெட்டியில் இணையாக விற்கப்பட்டனவாயிருத்தல் நன்று. வேறுவேறு காலத்து வாங்கிய அட்டைகள், பெயரும் எண்ணும் ஒத்திருப்பினும், உள்ளேயுள்ள சில்லுகளால் வேறுபடலாம்.

அமைக்கும் முறை

முதலாவது, அட்டைகளை உரிய துளைகளிற் பொருத்துதல். நான்கு துளைகளுள்ள பலகையில் இரண்டு அட்டைகளைப் பொருத்துவோர், செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாம் நான்காம் துளைகளிற் பொருத்துவதே பெரும்பாலான பலகைகளுக்குரிய முறை. பலகையோடு வரும் கைந்நூலிற் சரிபார்த்தல் வேண்டும். முறை பிறழின் இரு வாய்க்கால்களின் பயன் கிட்டாது போகலாம்.

இரண்டாவது, எவ்வமைவையும் மாற்றாமலே கணினியை ஒருமுறை இயக்கி, அது குறைந்த வேகத்திற் செவ்வனே இயங்குகின்றதெனக் காணுதல். அடிநிலையிற் பிழையுள்ள கணினியின் வேகத்தைக் கூட்டுதல் அத்திவாரமின்றி மேல்மாடி கட்டுதல் போலாம்.

மூன்றாவது, கணினி தொடங்கும்பொழுது டிலீற் விசையையோ எப்2 விசையையோ அழுத்திப் பயோஸ் அமைவுக்குட் புகுதல். ஆங்கு எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ, டி.ஓ.சி.பி. என்பனவற்றுள் ஒன்று காணப்படும். அதனை இயங்கச்செய்து, காட்டப்படும் வேகமும் மின்னழுத்தமும் அட்டையின் மேற் பொறித்தவற்றோடு ஒத்துள்ளனவா எனக் கண்டு, அமைவைச் சேமித்து வெளியேறுதல் வேண்டும். எண்களைத் தனித்தனியே கையால் மாற்றுதல் பயிற்சியுடையார்க்கே உரியது.

நான்காவது, பொறுமை. வேகம் மாறியவுடன் கட்டுப்படுத்தி ஒவ்வொரு மின்குறியின் காலத்தையும் அளந்து பொருத்தமான நிலையைத் தேடும். டி.டி.ஆர். 5 கணினிகளில் இதற்குச் சில நிமிடங்களும் ஆகலாம். அதுவரை திரை இருண்டே இருக்கும். கணினி இறந்ததென அஞ்சி அப்பொழுது மின்னை நிறுத்துதல் கூடாது.

ஐந்தாவது, தொடங்காதவழிச் செய்யவேண்டுவது. பலகை சிலமுறை முயன்று தானே பழைய வேகத்துக்குத் திரும்புவதுண்டு. அவ்வாறு திரும்பாவிடின், மின்னிணைப்பை நீக்கிப் பலகையிலுள்ள நாணய வடிவான மின்கலத்தைச் சிறிதுநேரம் கழற்றி மீண்டும் இட்டாலும், கைந்நூல் காட்டும் இரு முனைகளைத் தொடுத்தாலும் அமைவுகள் யாவும் முதல்நிலைக்கு வரும். இதனை அறியாமையால் நெடுந்தீவுவாசி ஒருவர் கணினியைச் சுமந்து, படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, புங்குடுதீவும் வேலணையும் கடந்து, பண்ணைப் பாலத்தின் வழியே யாழ்ப்பாண நகர் சென்று திருத்துநரைக் காணவேண்டி நேரும். இரண்டு நிமிட வேலைக்கு ஒருநாட் பயணம் மிகையன்றோ.

பயோஸ் மென்பொருளைப் புதுப்பித்தலும் நினைவகத்தின் இணக்கத்தை மிகுவிக்கும். ஆயின் புதுப்பிக்கும்பொழுது மின் தடைப்படின் தாய்ப்பலகையே இயங்காது போகலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன தேசிய மின்வலையோடு இணையாது டீசல் இயந்திரங்கள் தரும் மின்னை நெடுங்காலம் நம்பிவந்தவை. காற்று, சூரியஒளி, மின்கலம் ஆகியவற்றை இணைக்கும் கலப்பு மின்திட்டத்துக்கு இந்திய அரசின் நன்கொடையுடன் 2024 இல் உடன்படிக்கை செய்யப்பட்டது. இத்தகைய இடங்களில் யூ.பி.எஸ். கருவியின் துணையின்றிப் பயோஸைப் புதுப்பித்தல் தகாது.

மின்னழுத்தம் பற்றிய எச்சரிக்கை

2023 ஆம் ஆண்டின் வசந்தகாலத்தில் றைசன் 7000 வரிசைச் செயலிகள் சில, சிறப்பாக எக்ஸ்3டி என்னும் வகையைச் சேர்ந்தன, தாய்ப்பலகையோடு சேர்ந்து கருகிய செய்திகள் உலகெங்கும் பரவின. எக்ஸ்போ அமைவை இயக்கியபொழுது சில தாய்ப்பலகைகள் செயலியின் எஸ்.ஓ.சி. பகுதிக்கு அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் கொடுத்தமை அதற்கு ஒரு காரணமாகக் காணப்பட்டது. ஏ.எம்.டி. நிறுவனம் புதிய பயோஸ் மூலம் அவ்வழுத்தத்துக்கு 1.3 வோல்ற்று என எல்லை வகுத்தது. பயனர் தொட்டது ராம் வேகம் ஒன்றையே. தாய்ப்பலகையோ அதனோடு வேறோர் அழுத்தத்தையும் தானே உயர்த்திற்று. ஆகவே அமைவை மாற்றியபின் வேகத்தை மட்டுமன்றி மின்னழுத்தங்களையும் நோக்குதல் கடன். நியமங் கடந்த வேகத்தால் விளையும் சேதம் செயலியின் உத்தரவாதத்துக்குப் புறம்பாகலாம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

சோதனையின் இன்றியமையாமை

கணினி தொடங்கிற்று, திரையில் 3200 என்று காட்டுகின்றது, ஆகவே வேலை முடிந்தது என எண்ணுதல் பெரும் பிழை. தொடங்குதல் வேறு, வழுவின்றி இயங்குதல் வேறு. ஆயிரங்கோடிக் கணக்கான பிற்றுக்களுள் ஒன்று எப்பொழுதாவது ஒருமுறை மாறினாலும் கணினி தொடர்ந்து இயங்கலாம். மாறிய பிற்று இருந்த இடமே கேட்டின் அளவைத் துணியும். அது திரைப்படத்தின் ஒரு புள்ளியாயின் எவரும் அறியார். கணக்கேட்டின் ஓர் இலக்கமாயின், அல்லது சுருக்கிச் சேமித்த கோப்பொன்றின் தலைப்பகுதியாயின், சேதம் பெரிது. அதனினும் கொடியது யாதெனில், கெட்ட பிரதி நல்ல பிரதியின்மேல் எழுதப்பட்டு, காப்புப்பிரதியிலும் சென்று படிதலாகும்.

குறித்த வேகத்துக்கு உட்பட்ட நினைவகமும் வழுவுக்கு முற்றும் அப்பாற்பட்டதன்று. கூகிள் நிறுவனத்துக் கணினிகளை ஆராய்ந்து 2009 இல் வெளியான ஆய்வு, ஓர் ஆண்டில் ராம் அட்டைகளுள் நூற்றுக்கு எட்டுக்கு மேற்பட்டவற்றில் வழு நிகழ்ந்ததெனக் காட்டிற்று. அத்தகைய சேவைக்கணினிகளில் வழுவைக் கண்டு திருத்தும் சிறப்பமைப்பு உண்டு. வீட்டு மேசைக் கணினிகள் பெரும்பாலானவற்றில் இல்லை. டி.டி.ஆர். 5 சில்லுகளின் உள்ளே ஒருவகைத் திருத்தம் நிகழ்வது உண்மையே. ஆயினும் அது சில்லுக்கும் செயலிக்கும் இடைப்பட்ட வழியில் நிகழும் வழுவைக் காவாது. வேகத்தைக் கூட்டும்பொழுது இடர்ப்படுவது அவ்வழியேயாம்.

ஆகவே சோதித்தல் இன்றியமையாதது. மெம்ரெஸ்ற்86, மெம்ரெஸ்ற்86 பிளஸ் என்னும் மென்பொருள்களுள் ஒன்றை யூ.எஸ்.பி. நினைவியில் எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கி, முழுச் சுற்றுக்கள் நான்கேனும் ஓடவிடுக. இதற்குப் பல மணி நேரம் ஆகும். ஒரு வழு தோன்றினும் அவ்வேகம் ஏற்கத்தக்கதன்று. ஒன்றுதானே என்று விடுதல், தோணியின் அடியில் ஒரு துளைதானே என்று விடுதலை ஒக்கும். வழு தோன்றின் வேகத்தை ஒருபடி குறைத்து, 3600 ஆயின் 3400 அல்லது 3200 ஆக்கி, மீண்டும் சோதித்தல் வேண்டும். இயல்பான வேகத்திலும் வழு தோன்றினால் அட்டையே பழுதுற்றது; உத்தரவாதக் காலத்துள் மாற்றிப் பெறுதற்குரியது.

சோதனைக்குரிய காலமும் கருதத்தக்கது. மின்னேற்றத்தின் கசிவு வெப்பத்தோடு மிகும் என்பது முன்னர்க் கூறப்பட்டது. மார்கழி மாதத்து வாடைக்காற்றின் குளிர்ச்சியில் இரவிலே தேறிய அட்டை, சித்திரை மாதத்து உச்சிவேளையில் ஓட்டுக்கூரையின் கீழ் அடைத்த அறையிலே தவறக்கூடும். வெப்பம் மிக்க பொழுதில், பெட்டியை மூடியவாறே, வழக்கமாக இருக்கும் இடத்திலேயே சோதித்தலே தக்கது.

எழுத்துப் பிரதிகளின் அருமை வட மாகாணத்தார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதன்று. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது மீட்கவியலாத சுவடிகளும் நூல்களும் அழிந்தன. இன்று ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய இடங்களிற் பாடசாலைப் பதிவுகளும், கோயிற் கணக்குக்களும், காணி உறுதிகளின் படங்களும், கடல்கடந்து வாழும் உறவினர் அனுப்பும் குடும்பப் படங்களும் கணினியிலேயே சேமிக்கப்படுவன. தீயினால் அழிந்தது எவர்க்கும் புலனாகும். பிற்றொன்று மாறியதாற் கெட்டது, வேண்டியபோது திறக்குங்காறும் எவர்க்கும் புலனாகாது. இத்தகைய பணிக்குரிய கணினியில் வேகத்தினும் வழுவின்மையே முதன்மை பெறுதல் வேண்டும்.

பயனின் அளவு

இத்துணை முயற்சிக்கு ஏற்ற பயன் உண்டோ என்னும் வினாவுக்கு, வேலையை நோக்கியே விடை கூறல் வேண்டும். கடிதம் எழுதுதல், இணையத்தைப் படித்தல், கணக்கேடு பேணுதல் ஆகியவற்றில் 2400 க்கும் 3200 க்கும் இடையிலான வேற்றுமை உணரப்படாது. பெருங்கோப்புக்களைச் சுருக்குதலிலும் சில விளையாட்டுக்களிலும் ஓரளவு உணரப்படும். தனி வரைகலை அட்டையின்றிச் செயலியோடு அமைந்த வரைகலைப் பகுதியையே நம்பும் கணினிகளில், வேற்றுமை நன்கு புலனாகும். அப்பகுதிக்குத் தனி நினைவகம் இன்மையால் அது ராமையே பங்கிட்டுக்கொள்வது. சிக்கனங் கருதி அத்தகைய செயலி வாங்கிய மாணவர்க்கே இவ்வமைவு பெரும்பயன் தருவதாகும்.

இவற்றினும் முந்திக் கவனிக்கத்தக்கன இரண்டு. ஒன்று, நினைவகத்தின் கொள்ளளவு போதியதாயிருத்தல்; போதாவிடின் கணினி வன்தட்டை நாடும், அதன் தாமதத்தின் முன் நினைவக வேகத்தின் ஏற்றத்தாழ்வு ஒரு பொருட்டன்று. மற்றொன்று, ஒற்றை அட்டைக்குப் பதிலாக இரண்டு அட்டைகளைப் பொருத்துதல். அதனாற் கொண்டுசெல்லும் அளவு இரட்டிப்பதால், வேக எண்ணைச் சிறிது உயர்த்துவதினும் பயன் மிகுதி.

தொகுத்து நோக்குமிடத்து, பொறித்த வேகத்தை அமைக்காது விடுதல் உரிய பொருளைப் பெறாது விடுதலாகும். அமைத்துச் சோதியாது விடுதல் உடைய பொருளைக் காவாது விடுதலாகும். வாங்குமுன் மூன்று உறுப்புக்களின் உடன்பாட்டை ஆராய்தல், குறைந்த வேகத்தில் முதலிற் காணுதல், செய்தோர் எழுதிய குறிப்பையே எடுத்தாளுதல், மின்னழுத்தத்தை நோக்குதல், வெம்மையிற் சோதித்தல், ஒரு வழு தோன்றினும் ஒருபடி இறங்குதல் என்னும் இவ்வாறும் முறையே கைக்கொள்ளப்படின் வேகமும் நம்பிக்கையும் ஒருங்கே கைகூடும். இவ்விரண்டும் முரணுமிடத்து வேகத்தை விட்டு நம்பிக்கையைக் கொள்க. விரைந்து சென்ற படகினும் கரை சேர்ந்த படகே பயணிக்கு உதவுவது.